போஸ்னான் மேயர் சிரில் ரதாய்ஸ்கி: கண்காட்சிக் கடனை வைத்து மதிப்பதா, 1939 செப்டம்பரை வைத்து மதிப்பதா?

கோப்புக்கட்டு (இழையைத் தொடங்கியவர்)

இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் போலந்து நகரங்கள் எவ்வாறு நிர்வகிக்கப்பட்டன என்பதைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அந்தக் காலத்து மேயர் என்றால் வார்சாவின் ஸ்டெபான் ஸ்தர்சின்ஸ்கியின் பெயரே முதலில் வருகிறது. முற்றுகையின்போது வானொலியில் மக்களுக்குத் தைரியம் சொன்னவர் என்ற வகையில் அது நியாயமானதே. ஆனால் மேற்குப் போலந்தின் போஸ்னான் நகரைப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆண்ட சிரில் ரதாய்ஸ்கியைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல கட்டுரைகூட என் கண்ணில் படவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அவர் 1875 மார்ச் 3 அன்று, அப்போது ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் ஆட்சியில் இருந்த வியெல்கோபோல்ஸ்கா பகுதியில், க்ரோதோஷின் ஊருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் பிறந்தார். பெர்லினில் சட்டம் படித்தார். மேல் சிலேசியாவின் ராசிபூஷ் நகரில் சில ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்துவிட்டு 1911இல் போஸ்னானுக்குக் குடிபெயர்ந்தார். 1922இல் அந்நகரின் மேயரானார். இடையில் 1924 நவம்பர் முதல் 1925 ஜூன் வரை விளாதிஸ்லாவ் கிராப்ஸ்கியின் அமைச்சரவையில் உள்துறை அமைச்சராக இருந்தார். 1934 வரை மேயராக நீடித்தார்.

ஒரு சிறு விளக்கம்: போலந்தில் பெரிய நகரங்களின் மேயரை ‘பிரெசிடென்ட்’ என்றே அழைக்கிறார்கள். ரதாய்ஸ்கியைப் போலந்தின் குடியரசுத் தலைவர் என்று ஓரிடத்தில் தவறாக எழுதியிருந்ததைப் படித்தேன். அந்தப் பதவியில் அவர் இருந்ததில்லை.

என் கேள்வி இதுதான். 1929இல் அவர் நடத்திய பெரும் கண்காட்சி நகரைக் கடனில் ஆழ்த்தியது என்று ஒரு தரப்பு சொல்கிறது. 1939 செப்டம்பரில் ஜெர்மன் படையெடுப்பால் அதிகாரிகள் நகரைவிட்டு வெளியேறியபோது, அறுபத்து நான்கு வயதில் திரும்பி வந்து பொறுப்பேற்றவர் என்று இன்னொரு தரப்பு போற்றுகிறது. இரண்டையும் செய்த மனிதர் ஒருவரே. அவரை எங்கே நின்று பார்ப்பது சரி?

சட்டப்பிரிவு

நாற்பது ஆண்டுகள் சிவில் வழக்குகள் நடத்தியவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கண்காட்சிக்கும் 1939க்கும் போவதற்கு முன், அவர் ஏன் வழக்கறிஞரானார் என்பதை நாம் பார்த்தாக வேண்டும்.

பிரஷ்யாவின் கீழ் வாழ்ந்த போலந்துக்காரர் ஒருவர் சட்டம் படித்தாலும் அரசுப் பணியில் உயர்வது அரிது. நீதிபதியாகும் வாய்ப்பு கிடைத்தாலும், சொந்த மக்களிடமிருந்து தொலைவிலுள்ள ஜெர்மன் ஊருக்கே அனுப்பப்படுவார். எஞ்சியவை வழக்கறிஞர், மருத்துவர், பாதிரியார், வணிகர் போன்ற, அரசின் சம்பளத்தை எதிர்பார்க்காத தொழில்களே. அதனால்தான் அந்தப் பகுதியின் போலந்துப் பொதுவாழ்வை முன்னின்று நடத்தியவர்களில் வழக்கறிஞர்கள் அத்தனை பேர் இருந்தார்கள். 1919இல் போஸ்னானின் முதல் போலந்து மேயராக வந்த யாரோக்னியெவ் த்ர்வென்ஸ்கியும் வழக்கறிஞரே.

ரதாய்ஸ்கி தொழில் செய்த ஆண்டுகளின் சட்டங்களை எண்ணிப் பாருங்கள். 1904இல் வந்த சட்டத்தின்படி, போலந்து விவசாயி தன் சொந்த நிலத்தில் புதிய வீடு கட்டவும் அதிகாரிகளின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கிடைக்காததால் மிகாவ் ஜிமாவா என்ற விவசாயி சக்கரம் வைத்த வண்டியிலேயே குடியிருந்தது ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது. 1908இல் போலந்து நிலவுடைமையாளரின் நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்த ஒரு சட்டம் வந்தது. அதே ஆண்டில் வந்த சங்கச் சட்டமோ, பொதுக்கூட்டங்களில் ஜெர்மன் தவிர்த்த மொழிகளுக்குப் பெரும்பாலான இடங்களில் தடை விதித்தது.

இப்படிப்பட்ட சூழலில் பழகிய வழக்கறிஞருக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருக்கும். எதிராளி சட்டத்தை ஆயுதமாக எடுத்தால், அதன் ஒவ்வொரு உட்பிரிவையும் அவனைவிட நன்றாகப் படித்து, எந்த வாசல் இன்னும் திறந்திருக்கிறது என்று தேட வேண்டும். சங்கம் பதிவு செய்வது, கூட்டுறவு வங்கி நடத்துவது, கூடுவதற்குச் சொந்தக் கட்டடம் வைத்திருப்பது எல்லாமே அந்த வாசல்கள்தாம். பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றிலும் இந்தப் பயிற்சியையே நான் காண்கிறேன்.

நகர்ப்பொறியாளர்

வழக்கறிஞர் ஐயா சொன்னதை மதிக்கிறேன். இருந்தாலும் நகரத்தை நிர்வகிப்பது வழக்கு நடத்துவதைப் போன்றதன்று. குடிநீர், கழிவு, மின்சாரம், போக்குவரத்து ஆகியவற்றுக்குப் பணம் வேண்டும், அந்தப் பணத்துக்குக் கணக்கு வேண்டும். என் பணிக்காலம் முழுவதும் நகராட்சி மதிப்பீடுகளோடு கழிந்தது. ஆகையால் கடனைப் பற்றியே கேட்கிறேன்.

போலந்து விடுதலை பெற்ற பத்தாம் ஆண்டை முன்னிட்டு நடந்த அந்தப் பொதுத் தேசியக் கண்காட்சி 1929 மே 16 முதல் செப்டம்பர் 30 வரை நீடித்தது. ஏறத்தாழ 65 ஹெக்டேர் பரப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் எழுந்தன. சுமார் 45 லட்சம் பேர் பார்த்ததாகக் கூறப்படுகிறது. நகரின் மக்கள்தொகையோ அப்போது இரண்டரை லட்சத்தைக்கூட எட்டவில்லை. இவ்வளவு சிறிய நகரம் நாட்டுக்கே கண்காட்சி நடத்தியது என்றால், அதன் சுமையில் பெரும்பங்கு நகராட்சியின் தலையில்தான் விழுந்திருக்கும். கண்காட்சி முடிந்து நான்கு வாரம்கூட ஆகவில்லை, நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அதன்பின் வந்த மந்தத்தில் வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்துவது எவ்வளவு கடினம் என்பதை நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. போஸ்னான் பல ஆண்டுகள் அந்தக் கடனோடு போராடியது. ஒரு மேயரின் பொறுப்பைப் பேசும்போது இதை ஓரமாக ஒதுக்கிவிடக் கூடாது.

வார்தா நதிக்கரை

மேற்படிப்புக்காக வந்து, நான்கு ஆண்டுகளாகப் போஸ்னானிலேயே வசிக்கிறேன். பொறியாளர் ஐயாவின் கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கடனால் எழுந்தவற்றை நான் தினமும் கடந்து போகிறேன் என்பதால், அவற்றைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும்.

கண்காட்சிக்கு வருவோர் தங்குவதற்காகக் கிருன்வால்ட்ஸ்கா தெருவில் கட்டிய ‘பொலோனியா’ என்ற பெரிய விடுதி பிறகு மருத்துவமனையாயிற்று. அரசுக் காட்சிக்கூடங்களாகப் பயன்பட்ட கட்டடங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1919இல்தான் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இடம் பெரும் பற்றாக்குறையாக இருந்த காலம் அது. வில்சன் பூங்காவிலுள்ள கண்ணாடிப் பனைக்கூடம் கண்காட்சியையொட்டிப் பெரிதாக்கப்பட்டது. வெளியே பனி கொட்டும் ஜனவரியில் அதற்குள் போய் வாழை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கண்காட்சி வளாகத்தின் நடுப்பகுதி இன்றும் பன்னாட்டு வணிகச் சந்தை நடக்கும் இடமாகவே இருக்கிறது. அந்தச் சந்தை 1921இலேயே தொடங்கி, 1925இல் பன்னாட்டுச் சந்தையாக வளர்ந்தது.

கண்காட்சியை மட்டும் வைத்து அவர் ஆட்சியை அளப்பதும் குறைவான பார்வையே. 1925இல் ரதாயே, தெம்பியெட்ஸ், குவுவ்னா போன்ற புறநகர்க் கிராமங்கள் நகரோடு இணைக்கப்பட்டன. இணைப்பதாக அறிவித்துவிட்டு அந்த ஊர்களை மறந்துவிடும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. இங்கே 1930 பிப்ரவரியில் போலந்தின் முதல் டிராலிபேருந்து (மேல்கம்பி மின்சாரத்தில் ஓடும் பேருந்து) ஓடத் தொடங்கியபோது, அந்தத் தடம் நகரின் பழைய ஷ்ரோத்கா சந்தையடியிலிருந்து, ஐந்து ஆண்டுகளுக்கு முன் கிராமமாக இருந்த அந்தக் குவுவ்னாவுக்குத்தான் போயிற்று. புதிதாகச் சேர்ந்த மக்களை அவர் நிர்வாகம் எப்படி மதித்தது என்பதற்கு எனக்கு இதுவே போதுமான சான்று.

நகர்ப்பொறியாளர்

டிராலிபேருந்துத் தடத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, அதற்கு நன்றி. கட்டிய கட்டடம் கைவிடப்படாமல் பயன்பட்டது என்பது பெரிய விஷயம். பொருட்காட்சி முடிந்ததும் தகரக் கொட்டகையைப் பிரித்து விற்பதுதான் வழக்கம். ஆயினும் முதலில் விடுதி, பிறகு மருத்துவமனை என்பது முன்பே திட்டமிட்டதா, வேறு வழியில்லாமல் நேர்ந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நல்ல விளைவு வந்துவிட்டது என்பதற்காக முடிவும் சரியானதாகத்தான் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. என் ஐயம் பாதி தீர்ந்தது, பாதி அப்படியே இருக்கிறது.

எல்லைக்கல்

எல்லோரும் கட்டடங்களையே பேசுவதால், சற்றுக் கசப்பான ஒன்றைக் கேட்கிறேன். 1910இல் போஸ்னானின் மக்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் ஜெர்மானியர். 1931க்குள் அவர்கள் மிகச் சிறிய எண்ணிக்கையாகக் குறைந்துவிட்டார்கள். ஜெர்மன் பேரரசின் முதல் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கின் சிலை நின்ற இடத்தில், போலந்து விடுதலைக்கு நன்றியாக 1932இல் இயேசுவின் திருஇருதய நன்றிச் சின்னம் எழுந்தது. ‘போலந்து மேயர்’ என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது, வெளியேறிச் சென்ற அந்த மக்களின் பக்கத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டாமா?

சட்டப்பிரிவு

நல்ல கேள்வி, நண்பரே. தவிர்க்கக் கூடாத கேள்வியும்கூட. வெளியேறியவர்களில் பெரும்பகுதியினர் பிரஷ்ய அரசின் அதிகாரிகள், படையினர், அவர்களை நம்பி வாழ்ந்தவர்கள். அரசு மாறியதும் அவர்கள் போவது இயல்பு. ஆனால் தலைமுறைகளாக அங்கே கடை வைத்திருந்த குடும்பங்களும் போயின. புதிய ஆட்சியில் தமக்கு இடமில்லை என்று அவர்கள் உணர்ந்ததை மறுக்க முடியாது. இந்த வெளியேற்றத்தின் பெரும்பகுதி 1922க்கு முன்பே, அதாவது ரதாய்ஸ்கி மேயராவதற்கு முன்பே, தொடங்கிவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒடுக்கும் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர் அதிகாரத்துக்கு வந்தபின் சிறுபான்மையினரை எப்படி நடத்தினார் என்பது எந்த நாட்டிலும் கேட்க வேண்டியதே. இவரைப் புகழ்பவர்களும் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது.

கோப்புக்கட்டு

இழை இந்த அளவுக்கு ஆழமாகப் போகும் என்று எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. 1934ஐப் பற்றி இதுவரை யாரும் எழுதாததால் நானே சேர்க்கிறேன், ஏனென்றால் 1939ஐப் புரிந்துகொள்ள அது தேவை.

1926இல் படைத்தலைவர் பில்சூட்ஸ்கி படைபலத்தால் ஆட்சியைப் பிடித்தபின், ‘சனாட்சியா’ என்று அழைக்கப்பட்ட அவருடைய தரப்பு உள்ளாட்சிகளையும் படிப்படியாகத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. போஸ்னானோ அந்தத் தரப்புக்கு எதிரான அரசியலின் கோட்டை. 1934இல் ரதாய்ஸ்கி மீண்டும் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அரசு அந்தத் தேர்வுக்கு ஒப்புதல் அளிக்க மறுத்தது. பிரஷ்ய அரசு போலந்துக்காரர்களுக்குப் பதவியை மறுத்த காலத்தில் வளர்ந்த ஒருவருக்கு, சொந்த நாட்டின் அரசே அதைச் செய்தது. அவர் மேயர் பதவியை விட்டுப் போனார். பொதுவாழ்வை விடவில்லை. 1937இல் உருவான உழைப்புக் கட்சியின் முன்னணியினரில் ஒருவரானார். இசைக் கலைஞரும் முன்னாள் பிரதமருமான பதெரெவ்ஸ்கி, கோர்ஃபாந்தி, சிகோர்ஸ்கி போன்றோரோடு இணைத்துப் பேசப்படும் எதிர்ப்பு வட்டம் அது. பிற்பாடு, போரில் நாடு வீழ்ந்தபின் வெளிநாட்டிலிருந்து இயங்கிய புலம்பெயர் அரசின் பிரதமராகச் சிகோர்ஸ்கி ஆனபோது, இவர் பெயரை ஏன் நினைத்தார் என்பதற்கு விடை இங்கேயே இருக்கிறது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1939 செப்டம்பர் முதல் வாரத்தில், போஸ்னானின் நிர்வாகம் கிழக்கு நோக்கி வெளியேறியது. அப்போதைய மேயர் தடேயுஷ் ரூகேயும் போய்விட்டார். படையும் பின்வாங்கியது. காவல்துறையும் இல்லாத நகரில் கடைகள் சூறையாடப்படாமலும், பழிவாங்கும் கொலைகள் நடக்காமலும் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும். நகர மக்கள் ரதாய்ஸ்கியைத்தான் கேட்டார்கள். அவர் ஒப்புக்கொண்டார். செப்டம்பர் 10 அன்று ஜெர்மன் படை நகருக்குள் வந்தபோது, நகர மன்றத்தில் மேயராக இருந்து அவர்களை எதிர்கொண்டவர் அவரே.

வார்தா நதிக்கரை

அந்தப் பழைய நகர மன்றத்தின் முன் நான் பலமுறை நின்றிருக்கிறேன். நண்பகலில் மணிக்கூண்டிலிருந்து இரண்டு உலோக ஆடுகள் வெளியே வந்து முட்டிக்கொள்வதைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் கூடி நிற்பார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் நிற்கும்போது, 1939இல் அதே வாசலில் அந்த முதியவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். ஆயுதம் இல்லை, படை இல்லை, அரசும் இல்லை. இருந்ததெல்லாம் மேயர் என்ற பதவியும், பிறப்பிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எந்த அரசின் கீழ் வாழ்ந்தாரோ அதே அரசின் மொழியில் பேசத் தெரிந்த நாவும்தான்.

ஜெர்மானியர் அவரை அந்தப் பதவியில் நீடிக்க விடவில்லை. அவர் ஆட்சிக்காலத்தின் அடையாளங்களும் தப்பவில்லை. நன்றிச் சின்னத்தை இடித்தார்கள். பதெரெவ்ஸ்கி தம் பணத்தில் செய்வித்து 1931 ஜூலை 4 அன்று திறந்துவைக்கப்பட்ட, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனின் சிலையையும் அழித்தார்கள். போஸ்னான் ஜெர்மன் நாட்டோடு நேரடியாக இணைக்கப்பட்டு, போலந்துக்காரர்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ரதாய்ஸ்கியும் அவ்வாறே கிழக்கே, வார்சா இருந்த பகுதிக்குத் துரத்தப்பட்டார்.

எல்லைக்கல்

அடுத்த பகுதியில்தான் எனக்குத் தடுமாற்றம். 1940 டிசம்பரில் சிகோர்ஸ்கியின் புலம்பெயர் அரசு, ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டுக்குள் இருக்கும் தன் பிரதிநிதியாக இவரை நியமித்தது. தலைமறைவு அரசின் தலைமைப் பொறுப்பு அது. சோஷலிசக் கட்சியினர் இவரை விரும்பவில்லை. தலைமறைவாகப் போரிட்ட உள்நாட்டுப் படையின் தலைவர் ஸ்டெபான் ரொவெத்ஸ்கிக்கும் இவருக்கும் எது யாருடைய அதிகாரம் என்பதில் உரசல் இருந்தது. 1942 ஆகஸ்டில் இவர் விலகினார். தலைமறைவுப் போராட்டத்துக்கு ஏற்ற வேகம் இந்த முதிய நகர நிர்வாகியிடம் இல்லை என்ற குற்றச்சாட்டு வரலாற்று நூல்களில் வருகிறது. இதற்கு வழக்கறிஞர் ஐயா என்ன சொல்வார்?

சட்டப்பிரிவு

அந்தக் குற்றச்சாட்டை நான் முழுவதுமாக மறுக்கவில்லை. சதிக்குழு நடத்துவதற்கு வேறு வகை மனிதர் வேண்டும். ஆனால் அவரிடம் ஒப்படைத்த வேலை சதிக்குழு நடத்துவதன்று என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

படை ஒருபுறம் போரிடட்டும், அதன் பக்கத்தில் ஒரு குடிமை அரசு இருக்க வேண்டும் என்பதே அந்தப் பதவியின் நோக்கம். உள்துறை, கல்வி, செய்தி என்று துறைகளைப் பிரித்து, ஆட்களை நியமித்து, போர் முடிந்த மறுநாளே நாட்டை நடத்தும் அமைப்பைத் தலைமறைவாக உருவாக்க வேண்டும். இவருடைய காலத்தில் போடப்பட்ட அந்தத் துறைகளின் அடித்தளத்தின்மீதுதான், பின்வந்த பிரதிநிதிகள் யான் பியெகாவ்கியெவிச்சும் யான் ஸ்தனிஸ்லாவ் யான்கோவ்ஸ்கியும் வேலை செய்தார்கள். ரொவெத்ஸ்கியோடு உரசல் வந்ததும் இதனாலேயே. ஆக்கிரமிப்புக் காலத்திலும் படைத்தலைவர் குடிமை அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டவரா என்பது சாதாரணச் சொந்தப் பகை அன்று, அரசமைப்புக் கேள்வி. ஒரு வழக்கறிஞர் அதை விட்டுக்கொடுக்காமல் நின்றதை நான் குறையாகப் பார்க்கவில்லை. உடல்நலமும் அதற்குள் மிகவும் கெட்டுவிட்டது.

இந்தப் பதவியின் ஆபத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். ஜெர்மனியோடு இணைக்கப்பட்ட பகுதிகளுக்குப் பிரதிநிதியாக இருந்த அடோல்ஃப் ப்னின்ஸ்கி 1941இல் போஸ்னானில் கெஸ்டாப்போ என்ற ஜெர்மன் ரகசியக் காவல்துறையிடம் சிக்கினார், உயிரோடு திரும்பவில்லை. பியெகாவ்கியெவிச் 1943 பிப்ரவரியில் பிடிபட்டார், சித்திரவதையில் இறந்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வார்சாவில் பிடிபடாமல் அந்த அமைப்பை நடத்தியவரை வேகமில்லாதவர் என்று சொல்லும்போது, நிதானமும் அங்கே ஒரு தகுதியாக இருந்திருக்கக் கூடும் என்று நினைக்கிறேன்.

நகர்ப்பொறியாளர்

கடனைப் பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் 1939ஐப் படித்தபின், அந்தக் கருத்தை எந்த அளவுக்குப் பெரிதாக வைத்துக்கொள்வது என்பதில் தயக்கம் வந்திருக்கிறது. எந்த நாற்காலியிலிருந்து தன்னை விலக்கினார்களோ அதே நாற்காலிக்கு, சம்பளமும் பாதுகாப்பும் இல்லாத நேரத்தில், ஊர் கேட்டதற்காகத் திரும்பி வந்தவர் அவர். நான் பணியாற்றிய நகராட்சியில் ஒரு வெள்ளத்தின்போது மேலதிகாரிகள் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. மூன்று நாள் நீரேற்று நிலையத்திலேயே நாங்கள் சிலர் தங்கியிருந்தோம். அந்த மூன்று நாளை நினைத்தால், போர்ப்படை வாசலில் நிற்கும்போது ஒருவர் நகர மன்றத்தில் போய் உட்கார்ந்தது எப்படிப்பட்டது என்று எனக்குக் கொஞ்சம் புரிகிறது.

அவருடைய முடிவு எப்படி இருந்தது? எங்கே அடக்கம் செய்தார்கள்?

கோப்புக்கட்டு

பொறுப்பிலிருந்து விலகிச் சில வாரங்களிலேயே, 1942 அக்டோபர் 19 அன்று, வார்சாவில் நோயால் இறந்தார். உண்மையான பெயரில் அடக்கம் செய்தால், அவரோடு தொடர்புடைய அத்தனை பேரும் கெஸ்டாப்போவின் கண்ணில் படுவார்கள். அதனால் போவான்ஸ்கி கல்லறைத் தோட்டத்தில் ‘செலஸ்டின் ரத்வான்ஸ்கி’ என்ற மாற்றுப் பெயரில் புதைத்தார்கள். முதலெழுத்துகள் மட்டும் அவருடையவையாகவே இருந்தன. இருபது ஆண்டுகள் கழித்து, 1962இல், அவருடைய உடல் அங்கிருந்து எடுக்கப்பட்டு, போஸ்னானில் புனித வோய்ச்சேக் குன்றிலுள்ள வியெல்கோபோல்ஸ்காச் சான்றோர் கல்லறையில், சொந்தப் பெயரோடு அடக்கம் செய்யப்பட்டது.

வார்தா நதிக்கரை

அந்தக் குன்று என் விடுதியிலிருந்து நடந்து போகும் தூரம்தான். நவம்பர் முதல் நாள் எல்லாக் கல்லறைகளிலும் விளக்கேற்றும் வழக்கம் இங்கே உண்டு. இந்த முறை ஒரு விளக்கு வாங்கிக்கொண்டு போகிறேன். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துவிட்டு வந்து இங்கே தமிழில் எழுதுகிறேன்.